நிலா ஏன் பஸ் கூடவே வருகிறது?

கேள்வி: என் மகள் நாலாம் வகுப்பு முடித்து ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். விடிந்ததிலிருந்து தூங்கும்வரை கேள்விதான். போன வாரம் ராத்திரி பெரியகுளத்திலிருந்து தேனிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், "அம்மா, மரமெல்லாம் பின்னாடி போகுது. நிலா மட்டும் ஏன் நம்ம கூடவே வருது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "பேசாம வா" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை.

இவ்வளவு கேட்கிற பிள்ளையாயிற்றே என்று பொங்கலுக்கு 1,600 ரூபாய் கொடுத்து ஒரு தடிமனான கலைக்களஞ்சியம் வாங்கித் தந்தேன். இரண்டு நாள் படம் பார்த்தாள். இப்போது அது டிவி ஸ்டாண்டுக்கு அடியில் கிடக்கிறது. என் மாமியார் ஆசையாக வாங்கித் தந்த நீதிக்கதைத் தொகுப்பை, "கடைசில என்ன சொல்வாங்கன்னு முன்னாடியே தெரியுதும்மா" என்று ஒதுக்கிவிட்டாள். தாய்மாமா வீட்டுப் பரணிலிருந்து எடுத்துவந்த பழைய இரும்புக்கை மாயாவி காமிக்ஸை மட்டும் அட்டை கிழியக் கிழியப் படிக்கிறாள்.

கதைப்புத்தகம் காசுக்குக் கேடு, பொது அறிவுப் புத்தகமாக வாங்கு என்கிறார் என் கணவர். எதைத்தான் வாங்குவது? கதையா, அறிவுப் புத்தகமா? தமிழிலா, ஆங்கிலத்திலா? எடுத்த புத்தகத்தைப் பாதியில் போட்டுவிடுகிறாளே, கண்டிக்க வேண்டாமா? மாதம் 300 ரூபாய்க்கு மேல் புத்தகத்துக்கு எங்களால் ஒதுக்க முடியாது.

– ஒரு வாசகி, தேனி

பதில்: சகோதரி, முதலில் நிலாவை முடித்துவிடுவோம். உங்கள் மகள் பதிலுக்குக் காத்திருப்பாள்.

ரோட்டோரப் புளியமரம் உங்கள் ஜன்னலிலிருந்து சில அடி தூரத்தில் நிற்கிறது. பஸ் கொஞ்சம் நகர்ந்தாலே மரம் எதிரில் இருந்தது போய்ப் பக்கவாட்டுக்கு வந்து, பின்னால் போய்விடும். தூரத்து மலை அப்படி ஓடாது; மெள்ள நகரும். நிலா இருப்பதோ சுமார் 3,84,400 கிலோமீட்டர் தள்ளி. பெரியகுளத்துக்கும் தேனிக்கும் நடுவே உள்ள பதினைந்து, பதினாறு கிலோமீட்டரெல்லாம் அந்தத் தொலைவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எனவே பஸ் எவ்வளவு ஓடினாலும் நிலா இருக்கும் திசை அநேகமாக மாறுவதில்லை. மரம் பின்னால் போக, நிலா மட்டும் அதே ஜன்னலில் நிற்க, நம்மோடு சேர்ந்து வருவதாகக் கண்ணுக்குப் படுகிறது. இன்றைக்கு ராத்திரி அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலை நிலாவுக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடிப் பார்க்கட்டும், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்க்கட்டும். விரல் துள்ளும், நிலா துள்ளாது. விரலை மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தால் இன்னும் அதிகமாகத் துள்ளும். கிட்டே இருப்பது அதிகம் நகரும், எட்ட இருப்பது நகராது. விஷயம் இவ்வளவுதான்.

இந்த ஒரு கேள்வியை வைத்தே உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். கிளை நூலகத்தில் இருபத்தேழு வருடம் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவன் நான். "எத்தனை வயசுக்கு எந்தப் புத்தகம்?" என்றுதான் பெற்றோர் வந்து கேட்பார்கள். "உங்க பிள்ளை கடைசியாகக் கேட்ட கேள்வி என்ன?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் வந்துவிட்டால், எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் வாங்கிய கலைக்களஞ்சியம் ஏன் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் போனது? அவள் கேட்காத ஆயிரம் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்கிறது. கேட்ட ஒன்றுக்கு இருக்கிறதா என்று யாரும் அவளோடு உட்கார்ந்து தேடிப் பார்க்கவில்லை. உங்களைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். பிள்ளைமேல் உள்ள ஆசையில்தான் எல்லோரும் அப்படி வாங்குகிறோம். ஆனால் பசிக்கிற பிள்ளைக்கு முன்னால் ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்ததுபோல ஆகிவிட்டது.

இனி அறிவுப் புத்தகத்தை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதற்கு வருகிறேன். உங்கள் கணவர் சொல்கிற பொது அறிவுப் புத்தகத்தை எடுங்கள். "நிலவு பூமியிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது? 3,84,400 கி.மீ." என்று இருக்கும். அதற்கு அடுத்த வரி எந்த நாட்டின் தலைநகரம் எது என்று போய்விடும். போட்டித் தேர்வுக்கு அது உதவும், நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மகள் அங்கே நிற்க மாட்டாள். "யார் டேப் வெச்சு அளந்தாங்க?" என்பாள். நல்ல அறிவுப் புத்தகம் அந்த இடத்தில்தான் தொடங்கும். 1969-இல் நிலவில் இறங்கிய அப்பல்லோ 11 வீரர்கள், வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் ஒரு கண்ணாடிப் பலகையை அங்கே வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து அதை நோக்கி லேசர் ஒளியை அடிக்கிறார்கள். ஒளி போய்த் திரும்ப சுமார் இரண்டரை விநாடி ஆகிறது. ஒளியின் வேகம் தெரியும். எனவே தூரம் தெரிந்துவிடுகிறது. இப்படி வருடக்கணக்காக அளந்துகொண்டே இருந்ததில், நிலா வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிப் போகிறது என்பதும் தெரியவந்தது.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்தால் பளபளப்பான படங்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, "இது எப்படித் தெரிந்தது?" என்பதற்கு ஒரு வரியாவது அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உங்கள் மகளுக்கான புத்தகம். முடிவை மட்டும் அடுக்கி வைத்திருந்தால் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பல வருடத்துக்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், சீருடைச் சட்டையில் இங்க் கறையோடு, இரண்டு புத்தகங்களைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். ஒன்றில் கோள்கள் ஒன்பது என்று போட்டிருந்தது. இன்னொன்றில் எட்டு. "சார், இதுல எது பொய்?" என்றான். எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் உடனே சொல்ல மனம் வரவில்லை. "ரெண்டு புத்தகத்துலயும் அட்டைக்கு அடுத்த பக்கத்தைப் பாரு. அங்கே ஒரு வருஷம் போட்டிருக்கும்" என்றேன். விரலால் தடவித் தடவித் தேடினான். ஒன்றில் 1998, ஒன்றில் 2010. கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப நடுவுல என்னமோ நடந்திருக்கு சார்" என்றான். அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. 2006 ஆகஸ்டில் உலக வானியலாளர்கள் கூடிப் பேசி, புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து எடுத்துக் குறுங்கோள் வரிசையில் சேர்த்த கதையை அன்றைக்கு அவனுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் வருஷம் பார்ப்பான். எட்டுக் கோளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ பெரிய படிப்பு என்று நான் நம்புகிறேன்.

எனவே அறிவியல் புத்தகம் வாங்கும்போது நீங்களும் பதிப்பாண்டைப் பாருங்கள். மறுபதிப்பு என்று புது வருஷம் போட்டுப் பழைய பாடத்தையே அச்சடித்திருப்பதும் உண்டு. நிலவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது என்றுதான் நாம் படித்தோம். 2008 அக்டோபர் 22-ஆம் தேதி புறப்பட்ட சந்திரயான்-1 அனுப்பிய தகவல்களை ஆராய்ந்து, நிலவின் மண்ணில் நீர் மூலக்கூறுகள் இருப்பதை 2009-இல் அறிவித்தார்கள். அந்தத் திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர். தன் வாழ்க்கையை 'கையருகே நிலா' என்று தமிழிலேயே எழுதியிருக்கிறார். உங்கள் மகளுக்கு இப்போது அது கனமாக இருக்கலாம். நீங்கள் படித்துவிட்டு, சமைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பக்கம் இறங்கியதை அவளே டிவியில் பார்த்திருப்பாள். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விஞ்ஞானி என்றால் வெளிநாட்டுப் பெயர்தான் என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் வெகு சீக்கிரம் ஊன்றிவிடுகிறது.

இப்போது மாயாவிக்கு வருகிறேன். அந்தக் காமிக்ஸைத் தயவுசெய்து பிடுங்கிவிடாதீர்கள். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர்தான் இந்த இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். உங்கள் மகள் அதை இத்தனை முறை படிக்கிறாள் என்றால் அதற்குள் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு சுற்றுகிறாள் என்று அர்த்தம். மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

அவள் சொல்லாவிட்டால் நீங்கள் ஒன்றைப் போடுங்கள்: "மாயாவி மறைஞ்சதும் அவருக்குக் கண் தெரியுமா?" ருஷ்ய எழுத்தாளர் யாகோவ் பெரல்மான் எழுதிய 'பொழுதுபோக்கு பௌதிகம்' சோவியத் காலத்தில் தமிழிலும் வந்தது. ஹெச்.ஜி. வெல்ஸ் 1897-இல் எழுதிய கண்ணுக்குத் தெரியாத மனிதன் கதையை எடுத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் பெரல்மான் கேட்கிறார். நாம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், வெளிச்சம் கண்ணுக்குள் போய் விழித்திரையில் தங்க வேண்டும். உடம்பு முழுக்க வெளிச்சம் ஊடுருவிப் போகிற மாதிரி ஆகிவிட்டால் விழித்திரையிலும் தங்காமல் போய்விடும். மறைந்த மனிதனுக்கு உலகமே இருட்டாகிவிடும். இதைக் கேட்டதும் உங்கள் மகள் மாயாவியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிப்பாள். இந்த முறை வேறு கண்ணோடு படிப்பாள். பெரல்மான் பழைய புத்தகக் கடையில் அகப்பட்டால் விடாதீர்கள். இன்னும் மூன்று, நான்கு வருடத்தில் அவளே படிப்பாள்.

உங்கள் கணவரிடம் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். கதை ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம் என்று பிள்ளை மனதில் இரண்டு அலமாரி கிடையாது. நம் சிறுவர் எழுத்தில் பெரியவர்களாக இருந்தவர்களும் அப்படிப் பிரித்து வைத்ததில்லை. புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் பிறந்த வாண்டுமாமா மந்திரக் கதையும் சாகசக் கதையும் எழுதிய அதே கையால் பிள்ளைகளுக்கான அறிவியல் நூல்களும் எழுதினார். பாட்டு எழுதியவராகவும் நாம் அறிந்த பெரியசாமித் தூரன்தான், தமிழில் பத்துத் தொகுதி கலைக்களஞ்சியத்தையும், பிறகு பத்துத் தொகுதி குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்தவர். அவரே பிள்ளைகளுக்குக் கதையும் எழுதினார். நான் பார்த்தவரை கதை கேள்வியைக் கிளப்பும். அறிவுப் புத்தகம் அதைத் துரத்தும். துரத்திக் களைத்தால் பிள்ளை மறுபடி கதைக்கு வரும். அதனால் நான் எப்போதுமே ஜோடியாகத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

உங்கள் ஊருக்கு எட்டிய ஒரு ஜோடி சொல்கிறேன். உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' என்ற சிறார் நாவல். 2023-இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருது பெற்றது. இன்றைய பையன் ஒருவன் கீழடியின் பழைய காலத்துக்குப் போகிற கதை. அதை அவள் படித்து முடித்த வாரம், மதுரைக்குப் போய் அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கீழடி அருங்காட்சியகத்தைக் காட்டிவிடுங்கள். 2023 மார்ச்சில் திறந்தது. அங்கே பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். ஆதன் என்ற பெயரும் கிடைத்திருக்கிறது. கதையில் கூட வந்த பெயரை, இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு கை கீறிய கோட்டில் பார்க்கிற பிள்ளைக்கு வரலாறு என்ன என்று அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "இவ்வளவு பழசுன்னு எப்படித் தெரியும்?" என்று அங்கேயே கேட்பாள். அங்கிருக்கும் வழிகாட்டிகளிடம் அவளையே கேட்கவிடுங்கள்.

இன்னொரு ஜோடி. கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'. கரிசல் காட்டுப் பையன்கள் பறவைகளையும் முட்டைகளையும் தேடி அலைகிற குறுநாவல். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசுகிற பேச்சு அதில் இருக்கும். அதற்காகவே வாய்விட்டுப் படிக்கலாம். அதோடு ஆசையும் ப. ஜெகநாதனும் சேர்ந்து எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு'. க்ரியா வெளியீடு. கதையில் பெயராக மட்டும் வந்த பறவை, கையேட்டில் படமாக வரும். அடுத்த நாள் வீட்டு மின்கம்பியில் வந்து உட்காரும். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்; தேதி போட்டு எழுதட்டும். தேனியில் மலையைச் சுற்றி வைத்துக்கொண்டு பறவைப் புத்தகம் இல்லாத வீடு என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீதிக்கதை விஷயத்தில் நான் உங்கள் மகள் பக்கம். மாமியாரைப் புண்படுத்தாமல் அந்தத் தொகுப்பை அலமாரியில் வையுங்கள். ஆனால் அவரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: புத்தகத்தில் உள்ளதை விட்டுவிட்டு, அவருக்கு அவருடைய பாட்டி சொன்ன கதையைச் சொல்லச் சொல்லுங்கள். நிலாவில் பாட்டி வடை சுடுகிற கதை உங்கள் பக்கம் எப்படிச் சொல்வார்கள்? சில ஊர்களில் நிலாவில் முயல் என்பார்கள். நிலவில் கருமையாகத் தெரிவது எரிமலைக் குழம்பு பரவி ஆறிப்போன சமவெளிகள் என்று அவள் பிறகு படிப்பாள். படித்த பின்னும் வடை சுடும் பாட்டி அங்கேயே இருப்பாள்; ஒன்று வந்தால் இன்னொன்று போய்விடாது. உலகத்து மக்கள் எல்லோரும் சூரியனும் நிலாவும் மரமும் எப்படி வந்தன என்று கதை கட்டியிருக்கிறார்கள். எஸ். ராமகிருஷ்ணனின் 'கால் முளைத்த கதைகள்' அப்படிப்பட்ட கதைகளின் தொகுப்பு. கேள்வி கேட்கிற பிள்ளைக்கு, தன்னைப் போலவே ஆயிரம் வருடத்துக்கு முன்னாலும் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிவது பெரிய துணை.

பத்து வயதை நெருங்குகிற பெண் பிள்ளை என்பதால் இன்னும் இரண்டு புத்தகங்களைச் சொல்கிறேன். ஒன்று, ஜப்பானின் டெட்சுகோ குரோயாநாகி எழுதிய 'டோட்டோ-சான்'. 1981-இல் ஜப்பானில் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. ஓயாமல் எதையாவது செய்துகொண்டிருந்ததால் ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருந்த இன்னொரு பள்ளிக்குப் போகிறாள். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர், முதல் நாளன்று அவள் பேசுவதை மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கிறார். கதைபோல இருக்கும், ஆனால் ஆசிரியரின் சொந்த வாழ்க்கை. சின்னச் சின்ன அத்தியாயங்கள். தினம் ஒன்று என்று நீங்களே படித்துக் காட்டலாம். "பேசாம வா" என்று சொல்லிவிட்டு மனசு கேட்காமல் போன அம்மாவுக்கும் அதில் நிறைய இருக்கிறது.

இரண்டாவது, யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. பால சாகித்ய விருது பெற்ற நாவல்தான். பிள்ளைகளிடம் தவறாக நடந்துகொள்கிறவர்களைப் பற்றி, பயமுறுத்தாமல், ஒரு மரப்பாச்சி பொம்மையை வைத்துப் பேசுகிறது. இதை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடக் கூடாது. முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு அவள் படிக்கும்போது பக்கத்தில் இருங்கள். பேசத் தயங்குகிற விஷயத்துக்கு வாய் திறக்க ஒரு கதை இருந்தால் அம்மாவுக்கும் மகளுக்கும் சுலபமாக இருக்கும்.

தமிழா ஆங்கிலமா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. நிலாவைப் பற்றி அவள் எந்த மொழியில் கேட்டாள்? அந்த மொழியில் முதல் புத்தகம். தமிழில் சரளமாகப் படிக்கிற பிள்ளைக்கு ஆங்கிலம் தன்னால் கூடிவரும். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழிப் படப் புத்தகங்களைச் சென்னையின் தூலிகா பதிப்பகம் வெகுகாலமாகப் போடுகிறது. அதிலிருந்து தொடங்கலாம். புத்தகம் அவளுக்குக் கடினமா என்று பார்க்க, நடுவில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது நீங்கள் படித்துச் சொல்ல வேண்டிய புத்தகம். ஒன்றுமே மடங்காவிட்டாலும் குற்றமில்லை, சுகமாகப் படிக்கட்டும்.

பாதியில் போட்டுவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். போடட்டும். அறிவுப் புத்தகம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதற்கானதே இல்லை. தேடுகிற இடத்தைத் திறந்து, கிடைத்ததும் மூடுவதற்கானது. உள்ளே பொருளடக்கத்தையும் கடைசியில் இருக்கும் அகரவரிசையையும் எப்படிப் பார்ப்பது என்று மட்டும் ஒருமுறை சொல்லித்தாருங்கள். கதைப் புத்தகத்தைப் பாதியில் வைத்தால் ஏன் என்று கேளுங்கள், ஆனால் விசாரணையாக வேண்டாம். பிரெஞ்சு ஆசிரியரும் எழுத்தாளருமான டேனியல் பென்னாக் 1992-இல் வாசகரின் உரிமைகள் என்று பத்து எழுதினார். முடிக்காமல் விடுகிற உரிமை அதில் ஒன்று. படித்ததையே திரும்பப் படிக்கிற உரிமையும் உண்டு. மாயாவிக்கு அங்கேயும் இடம் இருக்கிறது பாருங்கள். பிள்ளைகள் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போன புத்தகத்தை இரண்டு வருடம் கழித்து அவர்களே வந்து தேடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கடைசியாகப் பணம். 300 ரூபாய் தாராளமாகப் போதும். ஏனென்றால் பெரும்பாலான புத்தகங்களை நீங்கள் வாங்கவே வேண்டாம். இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு முதன்முதலில் பொது நூலகத்துக்கென்று சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது, 1948-இல். அதற்காகப் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய வாசகர் இருக்கிறார் என்பது அவர் வகுத்த விதிகளின் சாரம். உங்கள் ஊர் நூலகத்தில் மகள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுங்கள். முன்பணமும் சந்தாவும் மிகச் சொற்பம். அவள் பெயர் எழுதிய அட்டை என்பது முக்கியம். கேட்ட புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் எங்களுக்கும் பட்டியலில் சேர்க்க முடியும். மதுரைக்குப் போகிற அன்றைக்கே, 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் ஒரு மணி நேரம் அவளைத் தனியே விடுங்கள். எதை எடுக்கிறாள் என்று தூரத்திலிருந்து பாருங்கள். நான் சொல்கிற பட்டியலைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

போனில் படிக்க வேண்டி வந்தால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அறிவியல் கதைகளும் அதில் உண்டு. தூரனின் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பார்க்கலாம். அரை நூற்றாண்டுக்கு முந்தையது. அதில் சொன்னது எது இப்போது மாறிவிட்டது என்று கண்டுபிடிக்கிற விளையாட்டுக்கு அதைவிட நல்ல புத்தகம் கிடையாது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-லிருந்து நடத்திவரும் 'துளிர்' மாத இதழுக்குச் சந்தா கட்டிவிடுங்கள். தன் பெயருக்குத் தபாலில் ஒன்று வருவது இந்தக் காலத்துப் பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம். அவள் அரசுப் பள்ளியில் படித்தால் 'ஊஞ்சல்' இதழ் வகுப்புக்கே வரும். பையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மிச்சப் பணத்தை மாதாமாதம் செலவழிக்காமல், மாவட்டப் புத்தகக் கண்காட்சி வரும்வரை ஒரு டப்பாவில் போட்டுச் சேருங்கள். அங்கே போனதும் பணத்தை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு கதை, ஒரு அறிவுப் புத்தகம், மூன்றாவது அவள் இஷ்டம் என்று மட்டும் சொல்லுங்கள். மூன்றாவதாக ஒரு ஸ்டிக்கர் புத்தகத்தையோ இன்னொரு காமிக்ஸையோ எடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடுங்கள்.

அதற்கு முன்னால் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கும் அந்தக் கலைக்களஞ்சியத்தை எடுத்துத் தூசி தட்டி, அவள் கைக்கு எட்டுகிற கீழ்த்தட்டில் வையுங்கள். பதிப்பாண்டைப் பார்த்துவிட்டு, நிலாவைப் பற்றிய பக்கத்தை நீங்கள் முதலில் படியுங்கள். பிறகு அந்தப் பக்கத்தில், பெரியகுளத்திலிருந்து வந்த பஸ் டிக்கெட் இன்னும் பையில் கிடந்தால், அதைச் செருகி வையுங்கள். அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் ஒரு பென்சில் இருக்கட்டும்.